பிள்ளை மட்டும்

மதுரையில் என் வயதுக்காரர்களின் வீட்டுக்குப் போனால் கூடத்துச் சுவரில் ஒரு பிள்ளைப் படம் கட்டாயம் இருக்கும். பின்னால் ஒரே இருட்டு. நடுவில் ஒரு குழந்தை, தானாகவே வந்து தானாகவே உட்கார்ந்துகொண்ட மாதிரி, எதையோ தீவிரமாக யோசித்துக்கொண்டிருக்கும். அம்மா இல்லை, அப்பா இல்லை, உட்கார ஒரு நாற்காலி கூடக் கண்ணுக்குத் தெரியாது. புதிதாக வருகிறவர் அந்தப் படத்தின் முன்னால் சற்று நிற்பார். "மாடிக்காரர் எடுத்த படமா?" என்பார். வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் பெருமை வந்துவிடும்.

அந்த மாடிக்காரரை எனக்கு நன்றாகத் தெரியும். தெற்குமாசி வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் நான் வேலை பார்த்த பித்தளைப் பாத்திரக் கடைக்கு மேலேதான் அவருடைய படக்கூடம். யுத்தத்துக்கு முன்னாலிருந்து யுத்தம் முடியப்போகிற வரைக்கும் தினமும் அவர் முகத்தில் விழித்தவன் நான். அவர் செத்தபோது, குழந்தை மனசுக்காரர் போய்விட்டார் என்று ஊரே பேசியது. பேசட்டும். அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடமும் ஒரு விஷயம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அவருக்கு வேலை தெரியும். பிள்ளையைப் பார்த்துச் சிரி என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. கிலுகிலுப்பை ஆட்டமாட்டார். படப்பெட்டிக்குள்ளிருந்து குருவி வரும் என்று ஏய்க்கமாட்டார். "பிள்ளைகிட்ட மட்டும் பொய் சொல்லக்கூடாது தம்பி. சொன்னா அதுக கண்ணுல தெரிஞ்சுபோகும், படம் கெட்டுப்போகும்" என்பார். குழந்தை படியேறி வந்ததும் அதன் முன்னால் மண்டி போட்டுக் கும்பிடுவார். மண்டி போட்டுப் போட்டே அவர் வேட்டியில் முழங்கால் பக்கம் எப்போதும் அழுக்காக இருக்கும்.

"வாங்கய்யா. எந்த ஊர்ல இருந்து வாரீங்க?"

குழந்தை முழிக்கும். அவர் பொறுமையாகக் காத்திருப்பார்.

"வீட்டுல ஆடு இருக்குதா?"

"இருக்கு."

"அதுக்குப் பேரு என்ன?"

"பேரு இல்ல."

"பேரு இல்லாத ஆட்டை நீங்க எப்படிக் கூப்புடுவீங்க?"

அவ்வளவுதான். மூன்று வயதுப் பிள்ளை வாழ்க்கையில் முதல் தடவையாக அதை யோசிக்கும். யோசிக்கிற பிள்ளை அசையாது. அந்த நேரம் பார்த்து அவர் கை பெட்டியின் கண்ணை மூடியிருக்கும் வட்ட மூடியைக் கழற்றி, மனசுக்குள் எண்ணி, மறுபடியும் மூடிவிடும். வக்கீல் வீட்டுப் பிள்ளையும் வண்டிக்காரர் பிள்ளையும் அவர் படத்தில் ஒரே மாதிரி ராஜாவாக இருக்கும். இப்படி ஒருத்தர் எடுத்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதை இல்லையென்று சொன்னால் என் வாய் வெந்துபோகும்.

எங்கள் கடைச் சத்தம் அவருக்கு ஆகாது. பாதிப் படி இறங்கி நின்று, "தம்பி, ஒரு கால் மணி நேரம் அண்டாவத் தட்டாதீங்க. மேல ஒரு மகாராணி வந்திருக்காங்க" என்பார். வாடிக்கையாளர் அண்டாவைத் தட்டிப் பார்க்காமல் எப்படி வாங்குவார் என்று எங்கள் முதலாளி கத்துவார். அவர் காதில் வாங்கமாட்டார். மகாராணிக்கு வயது ஒன்றரை இருக்கும், மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும்.

பெரியவர்களை அவருக்குப் பிடிக்காது. கல்யாணப் படம், உத்தியோக உயர்வுப் படம் என்று யார் வந்தாலும் வேறு கடைக்கு அனுப்பிவிடுவார். "வளந்த மூஞ்சி எல்லாம் பொய் மூஞ்சி. பெட்டிக்கு முன்னாடி உக்காந்ததும் ஆளே மாறிருவாங்க" என்பார். தான் எடுத்த பிள்ளைகள் வளர்ந்து எதிரே வந்தால் அவருக்குக் கோபமே வரும். ஒரு தடவை மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர், புதிதாகக் கல்யாணமானவர், தனிக்குடித்தனம் போகப் பாத்திரம் வாங்க எங்கள் கடைக்கு வந்தார். மாடிக்காரர் படியில் நின்று அவரையே உற்றுப் பார்த்தார். பிறகு இறங்கி வந்து முகத்துக்கு நேரே குனிந்தார்.

"உங்களை நான் எடுத்திருக்கேன். கையில ஆரஞ்சுப் பழம் வச்சிருந்தீங்க. அந்தக் கண்ணு எங்க சார் போச்சு?"

வாத்தியார் முகம் சுண்டிப்போயிற்று. பக்கத்தில் நின்ற அவருடைய புது மனைவி புருஷன் கண்ணைத் திரும்பிப் பார்த்தாள். இருவரும் ஒரு கரண்டி கூட வாங்காமல் போய்விட்டார்கள். முதலாளியிடம் அன்றைக்கு எனக்குத்தான் திட்டு விழுந்தது.

இனி அந்தக் கறுப்புத் துணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கைக்குழந்தைகளும் இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகளும் தனியாக ஒரு முக்காலியில் எவ்வளவு நேரம் உட்காரும்? அழும், சரியும், இறங்கி ஓடும். அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். தாயை முக்காலியில் உட்காரவைத்துத் தலையிலிருந்து கால்வரைக்கும் கனத்த கறுப்புத் துணியால் மூடிவிடுவார். அதன் மடியில் பிள்ளையை உட்காரவைப்பார். துணிக்குள்ளிருந்தே தாய் பிள்ளையின் இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பின்னால் தொங்குவதும் கறுப்புத் திரை. படத்தில் துணியும் திரையும் ஒன்றாகக் கலந்து வெறும் இருட்டாகிவிடும். இருட்டின் மேல் பிள்ளை மட்டும் உட்கார்ந்திருக்கும்.

"அம்மா, இப்ப நீங்க நாற்காலி" என்பார். தாய்மார்கள் முதலில் சிரிப்பார்கள். "நாற்காலி சிரிக்கக் கூடாது" என்பார். மேலே கண்ணாடிக் கூரை, மதுரை வெயில் நேராக உள்ளே இறங்கும். புழுக்கத்தில் யாராவது செருமினால், "நாற்காலி இருமாது" என்று அதட்டுவார். எனக்கும் முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது.

சித்திரை மாதத்தில் ஒரு நாள் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மாடு விற்ற கையோடு வந்தவர்கள். புருஷன், பெண்டாட்டி, ஒரு வயதுப் பையன். அந்த அம்மாளின் காதில் பாம்படம் தொங்கியது. துணிக்கு மேலே அது புடைத்துத் தெரிகிறது என்று கழற்றச் சொன்னார். கழற்றிப் புருஷன் கையில் கொடுத்துவிட்டுத் துணிக்குள் போனாள். பையன் அழுதான், பிறகு பால் கேட்டான், பிறகு பெட்டியைப் பார்க்கமாட்டேன் என்றான். மாடிக்காரர் விடவில்லை. நான் அவருக்குத் தண்ணீர்ச் செம்பு கொடுக்க மேலே போனவன், அப்படியே நின்றுவிட்டேன். துணி மெதுவாக ஒரு பக்கம் சரிந்தது. பின்னாலிருந்த தூணில் சாய்ந்து நின்றது. பையன் திகைத்துப்போய் அண்ணாந்து பார்த்தான்.

அவர் மூடியைக் கழற்றினார். எண்ணினார். மூடினார். அதற்குப் பிறகுதான் போய்த் துணியைத் தூக்கினார்.

அவளுக்கு நினைவு இல்லை. நான்தான் செம்புத் தண்ணீரை முகத்தில் அடித்தேன். கண் விழித்ததும் பிள்ளை எங்கே என்று கேட்டாள். மாடிக்காரர் பெட்டிப் பக்கத்தில் நின்றபடியே, "பையன் அசையவே இல்ல, பாத்தீங்களா" என்று புருஷனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். புருஷனும், "நல்லா வருமாய்யா?" என்றுதான் கேட்டான். நன்றாகவே வந்தது. கடை வாசல் கண்ணாடிப் பெட்டியில் அந்தப் படம் வருஷக்கணக்கில் இருந்தது. அண்ணாந்து பார்க்கிற அந்தக் கண்களைப் பார்த்துத் தெருவே உருகும். பையன் எதைப் பார்த்துத் திகைத்தான் என்று எனக்குத் தெரியும். அதற்கப்புறம் அந்த வாசலில் நான் தலையைக் குனிந்துகொண்டுதான் நுழைவேன்.

அவர் எடுத்த என் படமும் ஒன்று உண்டு. மூன்று வயதில் எடுத்தது. எங்கள் பக்கத்தில் ஆண் பிள்ளைக்கு முதல் மொட்டை போடுவதற்கு முன்னால், அந்த முடியை வீணாக்காமல் சடை பின்னி, தாழம்பூ வைத்து, பாவாடை கட்டி, நகையெல்லாம் போட்டுப் பெண் பிள்ளையாக அலங்கரித்துப் படம் எடுப்பார்கள். மறுநாள் திருப்பரங்குன்றத்தில் மொட்டை. எனக்கும் அப்படி எடுத்தார்கள். நான் பிறந்த சில மாதத்திலேயே அப்பா தவறிவிட்டதால் மொட்டை தள்ளிப்போய், முடி இடுப்பு வரைக்கும் வளர்ந்திருந்ததாம். கோச்சடையில் பெரியப்பா வீட்டில்தான் நானும் அம்மாவும் இருந்தோம். அலங்காரமெல்லாம் பெரியம்மா செய்தாள். கிளம்பும்போது அவளே ஒரு கண்டிஷனும் போட்டாளாம்: "தாலியறுத்தவ நிழல் கூடப் படத்துல விழக் கூடாது."

ஆனால் நான் அம்மாவைத் தவிர யார் மடியிலும் உட்காரமாட்டேன். பெரியப்பா தயங்கித் தயங்கி இதை மாடிக்காரரிடம் சொல்ல, அவர் சிரித்தாராம். "அந்தக் கவலையே வேண்டாம். நம்ம படத்துல யாரு நிழலும் விழாது." பெரியப்பா இதை ஒரு வேடிக்கையாக வருஷா வருஷம் சொல்வார். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார்.

அந்தப் படத்தில் என் இடுப்பில் ஒரு ஒட்டியாணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒட்டியாணமே கிடையாது. துணிக்கு வெளியே வந்துவிட்ட அம்மாவின் விரல்கள் அவை. மாடிக்காரர் பிறகு சாவகாசமாக உட்கார்ந்து தூரிகையால் அவற்றை நகையாக்கிவிட்டார்.

அம்மா எனக்கு ஆறு வயதாகும்போது வாந்திபேதியில் போய்விட்டாள். அவள் கை ஞாபகம் இருக்கிறது. குரல் ஞாபகம் இருக்கிறது. முகம் இல்லை. எவ்வளவு முட்டினாலும் வரவில்லை. பெரியம்மா முகமும் பக்கத்து வீட்டு அக்கா முகமும் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கின்றன. ஆனால் சோறு ஊட்டும்போது அவள் திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்று மட்டும் அப்படியே இருக்கிறது.

"உங்க பெரியப்பா வெத்தலை வாங்கக் கீழ எறங்குனாருடா. நான் துணிய விலக்கிட்டு அந்தப் படக்காரர்ட்ட கேட்டேன், ஐயா, நானும் என் பிள்ளையும் இருக்கிற மாதிரி ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடுங்கன்னு. அவரு மகராசன், எடுத்தாரு. அவருகிட்ட நம்ம படம் ஒண்ணு இருக்கு. நீ பெரியவனாகிப் போய் வாங்கிக்க. பெரியம்மாகிட்ட மூச்சு விட்ராத."

அவளாகப் போய் வாங்கியிருக்க முடியாது. வெள்ளைச் சேலை கட்டியவள் அந்த வீட்டை விட்டுத் தனியாக எங்கே போவாள்? அதற்காகத்தான் நான் வளர்ந்ததும் வேறு எங்கும் வேலை தேடாமல் அந்தப் பாத்திரக் கடையில் சேர்ந்தேன். கோச்சடையிலிருந்து தினமும் நடந்தே வருவேன். சேர்ந்த வாரமே மேலே போய்க் கேட்டேன். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "தாழம்பூ சடை" என்றார். பிறகு வழக்கம்போல என் வளர்ந்த மூஞ்சியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"அம்மாவும் நானும் இருக்கிற படம் ஒண்ணு எடுத்தீங்களாமே அண்ணே."

"எடுத்திருப்பேன். எங்கயாவது இருக்கும்."

அந்தக் காலத்தில் படம் விழுவது கண்ணாடியில். பிளேட்டு என்பார்கள். ஒரு மரச் சட்டத்துக்குள் அதை வைத்துப் பெட்டியின் பின்பக்கம் செருகி எடுப்பார்கள். எடுத்த பிளேட்டுகள் அவர் உள்ளறையில் தரையிலிருந்து கூரைவரை அட்டைப் பெட்டிகளில் கிடந்தன. எதன் மேலும் பெயர் கிடையாது. யுத்தம் வந்து புதுப் பிளேட்டு கிடைக்காமல் போனதும் வரும்படிக்காக அவர் பழையவற்றை வெந்நீரில் ஊறப்போட்டுச் சுரண்டி, வெறும் கண்ணாடியாக்கிச் சாமி படத்துக்குச் சட்டம் போடுகிற கடைக்குக் கொடுக்க ஆரம்பித்தார். தெரிந்ததும் மேலே ஓடினேன்.

"அண்ணே, நான் ஒவ்வொண்ணாப் பாத்துக் குடுத்ததுக்குப் பெறகு சுரண்டுங்க."

"பாருங்க, பாருங்க. தேடுனா கெடைக்கும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த உள்ளறையில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு பிளேட்டாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். பிளேட்டில் எல்லாம் மாறித் தெரியும். பிள்ளைகள் கறுத்த முகமும் நரைத்த முடியுமாகக் கிழவர்கள் போல இருப்பார்கள். கறுப்புத் துணியில் வெளிச்சம் இல்லாததால் அந்த இடத்தில் எதுவும் பதிந்திருக்காது. தாய்மார்கள் உட்கார்ந்திருந்த இடமெல்லாம் தெளிந்த கண்ணாடி. அதன் வழியாக எதிர் வீட்டுச் சுவர் தெரியும். எத்தனை வீட்டுப் பெண்கள்! ஒருத்தி முகம் கூட இல்லை. என்னுடைய தாழம்பூ சடையை ஒரு மழைக்காலத்தில் கண்டுபிடித்தேன். அதற்கு அடுத்த பிளேட்டை எடுத்துப் பார்த்தேன். வேறு யாரோ ஒரு குழந்தை.

"இருக்கும் தம்பி, அடியில இருக்கும்" என்று அவர் தேநீர் வாங்கிக் கொடுத்தார். நான் பார்த்து ஒதுக்கியவற்றை ஊறப்போட எடுத்துப் போனார். இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று.

இதற்கிடையில் எனக்குக் கல்யாணமாகி மகள் பிறந்தாள். நடக்க ஆரம்பித்ததும் என் மனைவிக்கு ஒரே ஆசை, மாடிக்காரரிடம் படம் எடுக்க வேண்டும் என்று. எனக்கு இஷ்டமில்லை. "ஊருல இருக்கிற பிள்ளைக எல்லாம் எடுத்தாச்சு, நம்ம பிள்ளைக்கு மட்டும் இல்லையா? நீங்க அங்கயே கெடக்குறீங்க!" என்றாள். கூட்டிக்கொண்டு போனேன்.

மகளின் முன்னால் அவர் மண்டி போட்டார். என் மனைவிக்கு, "தங்கச்சி, இப்ப நீங்க நாற்காலி" என்று சொல்லித் துணியைப் போர்த்தினார். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. துணி குலுங்கியது. "நாற்காலி சிரிக்கக் கூடாது." மகளிடம் நிலாவுக்கு யார் சோறு ஊட்டுவார்கள் என்று கேட்டார். அவள் வாயைத் திறந்தபடி யோசித்தாள். எடுத்து முடித்தார். மரச் சட்டத்தைப் பெட்டியிலிருந்து உருவி மேஜை மேல் வைத்தார்.

நான் சொன்னேன்: "அண்ணே, துணிய எடுத்துட்டு அம்மாவையும் பிள்ளையையும் சேத்து ஒண்ணு எடுங்க."

அவர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. "அதுக்கென்ன, எடுத்துட்டாப் போச்சு."

என் மனைவி துணியை விலக்கினாள். முகமெல்லாம் வியர்வை. முந்தானையால் அழுத்தித் துடைத்து, பொட்டைச் சரிபார்த்து, பூவை முன்னால் இழுத்துவிட்டு, மகளை மடியில் நேராக உட்காரவைத்தாள். என்னைப் பார்த்து வெட்கப்பட்டாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். அவள் அவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததில்லை. மாடிக்காரர் மூடியைக் கழற்றி எண்ணி மூடினார். "முடிஞ்சது தாயி" என்றார்.

நான் பெட்டிக்குப் பின்னால் நின்றிருந்தேன். மரச் சட்டம் மேஜை மேல்தான் இருந்தது. வேறு சட்டம் எதுவும் அவர் செருகவில்லை. பெட்டி வெறும் பெட்டி.

மனைவியிடம், பிள்ளைக்குத் தண்ணீர் கொடு என்று சொல்லிக் கீழே கடைக்கு அனுப்பினேன். அவள் காலடிச் சத்தம் இறங்கி முடிந்ததும் கேட்டேன்.

"பிளேட்டு போடலையே அண்ணே."

"யுத்த காலத்துல பிளேட்டுக்கு எங்க போறது?"

"யுத்தத்துக்கு முன்னாடி?"

அவர் கறுப்புத் துணியை உதறி மடித்துக்கொண்டிருந்தார். கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னார்: "அப்பவும் போட்டதில்ல. பொம்பளைங்க எல்லாரும் கேப்பாங்க தம்பி. இல்லைன்னு சொன்னா மூஞ்சி தொங்கிப்போகும். பெட்டியத் தெறந்து மூடுனா அம்புட்டுச் சந்தோசம். பெறகு வந்து கேட்டா, கழுவுறப்ப கீறல் விழுந்துருச்சும்பேன். யாரும் ரெண்டாந்தடவை கேக்க மாட்டாங்க."

"எங்க அம்மாவுக்கும் அப்படித்தானா?"

"எல்லாருக்கும்தான்."

"அப்ப என்னைய எதுக்கு ஒரு வருசமா அந்த அறைக்குள்ள உக்கார வச்சீங்க?"

"தேடுறப்ப நல்லா இருந்தீங்களே தம்பி. அதை எதுக்குக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

அடித்துவிடலாம் என்று கை வந்தது. வயதானவர், ஒரு தள்ளு தாங்கமாட்டார். அதோடு எனக்கு அவரிடம் இன்னும் ஒன்று வாங்க வேண்டியிருந்தது. அம்மா துணியை விலக்கிவிட்டு உட்கார்ந்தபோது எதிரே நின்றவர் இவர் ஒருத்தர்தான். பிளேட்டில் இல்லாவிட்டால் என்ன, கண்ணில் விழுந்திருக்குமே. மிஷன் பள்ளி வாத்தியாரின் ஆரஞ்சுப் பழத்தை ஞாபகம் வைத்திருந்த ஆள்.

"எங்க அம்மா மூஞ்சி எப்படி இருந்துச்சு?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. கெஞ்சுகிற குரலாக இருந்தது.

அவர் மடித்த துணியைக் கையில் வைத்தபடி நிஜமாகவே யோசித்தார். ஏமாற்றவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

"காலை வெயிலு. நீங்க எடது பக்கம் திரும்பி இருந்தீங்க. சடையில கீழ இருந்து ரெண்டாவது தாழம்பூ மடல் சரிஞ்சு தொங்குச்சு. கன்னத்துல திருஷ்டிப் பொட்டு, கொஞ்சம் ஈஷியிருந்துச்சு. அழுது முடிச்ச கண்ணு..." கண்ணைத் திறந்தார். "அம்மாவா? வெள்ளைச் சேலை. மூஞ்சி தெரியல தம்பி. நான் பிள்ளையத்தான பாப்பேன்."

நான் படியருகே போய் என் மனைவியைக் கூப்பிட்டேன். அவள் மகளை எங்கள் முதலாளியிடம் விட்டுவிட்டு மேலே வந்தாள். முக்காலியில் உட்காரச் சொன்னேன். உள்ளறைக்குப் போய், அவர் யாரோ பெரிய வீட்டுப் பிள்ளைக்காக ஒளித்துவைத்திருந்த புதுப் பிளேட்டுப் பெட்டியை எடுத்து வந்து அவர் கையில் வைத்தேன்.

"இதுல ஒண்ணப் போடுங்க. நான் பாக்கப் போடுங்க."

"வெளிச்சத்துல தெறக்கக் கூடாது தம்பி, கெட்டுப்போகும்."

"இருட்டறைக்கு நானும் வாரேன்."

என் முகத்தைப் பார்த்தார். இருட்டறைக்குப் போனார். நானும் கூடவே போய், விரலால் தடவிப் பார்த்துச் சட்டத்துக்குள் கண்ணாடி இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். வெளியே வந்ததும், "பிள்ளை எங்க?" என்று கேட்டார்.

"பிள்ளை வேண்டாம். இவ மட்டும்."

அவர் சட்டத்தைப் பெட்டியில் செருகினார். மூடியில் கை வைத்துக்கொண்டு நின்றார். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் ஒரே கேள்வியில் மடக்குகிறவருக்கு, எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணிடம் சொல்ல ஒரு வார்த்தை இல்லை. மண்டி போடவும் இல்லை. பார்வை முக்காலிக்கும் சுவருக்கும் நடுவில் எங்கோ போயிற்று. என் மனைவிக்குப் பயமாகிவிட்டது.

"என்னங்க, நான் எதைப் பாக்கணும்?"

"அவரைப் பாரு" என்றேன். "அவரு உன்னையப் பாக்குறாரான்னு பாரு."

அந்தப் படம் நன்றாக வரவில்லை. நெற்றி சுருங்கி, உதடு இறுகி, யாரோடோ சண்டைக்குக் கிளம்பினவள் மாதிரி இருக்கிறாள். மகளின் படம் அவர் எடுத்த மற்றப் படங்களைப் போலவே பிரமாதமாக வந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதன் முன்னால்தான் நிற்கிறார்கள். தன் படத்தைச் சுவரிலிருந்து கழற்றித் துணிப்பெட்டிக்குள் போடும்படி என் மனைவி இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் கழற்றவில்லை. என் மகளுக்கு அவள் அம்மாவின் முகம் இருக்கட்டும்.

என் அம்மா வெறும் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தபோது சிரித்தாளா, பயந்தாளா என்று சொல்ல இந்த ஊரில் ஆள் இல்லை. எதிரே நின்றவன் ஒருத்தன். அவனும் பார்க்கவில்லை.